கோடையில் தெய்சே: தொண்டு செய்யவும் ஊர் பார்க்கவும் கேட்ட தங்கைக்கு

ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது: "கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன், வயது 21. சி.எஸ்.ஐ. சபை, பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன். வரும் கோடையில் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கிறிஸ்தவ முகாமில் தொண்டு செய்துவிட்டு அப்படியே ஊரும் சுற்றிப் பார்க்க ஆசை. எங்கே போகலாம்? விசா கிடைக்குமா? தனியாகப் போனால் பாதுகாப்பா? இரண்டு மாதத்தில் எத்தனை நாடு பார்க்கலாம்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் ஒரு நாடு பாருங்கள். அதிலும் ஒரு மாவட்டத்தை நன்றாகப் பாருங்கள். மிச்சம் நாலைந்து நாள் இருந்தால் பெரிய நகரம் ஒன்றோ இரண்டோ. "இதற்கா அவ்வளவு செலவு செய்து போக வேண்டும்?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2016 கோடையில் ஆறு வாரம் பிரான்சில் தெய்சே என்ற ஊரில், அங்கே இருக்கும் கிறிஸ்தவத் துறவறச் சகோதரர்களின் சமூகத்தில் தொண்டு செய்தேன். போவதற்கு முன் நான் போட்டு வைத்திருந்த பட்டியலில் ரோம், வெனிஸ், பிராக் எல்லாம் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் போகவில்லை. பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்த க்ளூனி என்ற சிற்றூருக்கு மட்டும் ஐந்து முறை போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தெய்சேயைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் சி.எஸ்.ஐ., நான் கத்தோலிக்கப் பெண். இரண்டு பேருமே அங்கே விருந்தாளி ஆகிவிட மாட்டோம். அது ஒரு சபைக்கு மட்டும் சொந்தமான இடமே இல்லை. சகோதரர் ரோஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர், சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன், 1940 ஆகஸ்டில் ஜெனீவாவிலிருந்து சைக்கிளில் அந்தக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. பிரான்சைப் போர் இரண்டாகப் பிளந்திருந்தது. ஜெர்மன் ராணுவம் பிடித்த பகுதிக்கும் மற்ற பகுதிக்கும் நடுவே போட்ட எல்லைக்கோடு அந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஓடியது. அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, தப்பி வந்த அகதிகளை, யூதர்களையும் சேர்த்து, ஒளித்து வைத்தார். அவருடைய அக்கா ஜெனெவியேவும் கூட இருந்தார். 1942இல் விஷயம் வெளியே தெரிந்து ரோஜே ஜெனீவாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1944இல் மறுபடி வந்தார். இந்த முறை பக்கத்து முகாமில் இருந்த ஜெர்மன் போர்க் கைதிகளைப் பார்க்கப் போனார். 1949 ஈஸ்டரில் ஏழு பேர் வாழ்நாள் வாக்குறுதி கொடுத்துச் சமூகமாகச் சேர்ந்தார்கள். முதலில் புராட்டஸ்டண்ட் சகோதரர்கள், பிறகு கத்தோலிக்கர்களும். இன்று சுமார் முப்பது நாடுகளைச் சேர்ந்தவர்கள் அங்கே சகோதரர்களாக இருக்கிறார்கள்.

அங்கே இருக்கும் பெரிய கோயிலின் பெயர் ஒப்புரவின் ஆலயம். 1962இல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கான்கிரீட் கூடம், அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கட்டுவதற்கு வந்து உழைத்தவர்களில் ஜெர்மன் இளைஞர்கள் இருந்தார்கள். தங்கள் நாடு போரில் செய்ததற்குப் பரிகாரமாக, போர் பாதித்த நாடுகளுக்குப் போய்க் கட்டடம் கட்டிக் கொடுத்த ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நீங்கள் செய்யப்போகும் தொண்டும் அந்த வரிசையில்தான் வருகிறது என்பதால் சொல்கிறேன். மண்வெட்டி இருந்த கையில் இப்போது துடைப்பம்.

துடைப்பம் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே தொண்டு என்பது பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பதோ மேடையில் பாடுவதோ இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வாரா வாரம் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருவார்கள். ஞாயிறு வந்து அடுத்த ஞாயிறு போவார்கள். கூடாரம் அடித்துத் தங்குவார்கள், இல்லையென்றால் பங்க் கட்டில் போட்ட குடில்களில். அத்தனை பேருக்கும் சமைக்க, பரிமாற, கழிப்பறை கழுவ, வந்தவர்களுக்கு இடம் காட்ட, இரவில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு வாரத்துக்கு வருபவர்களும் கொஞ்சம் வேலை செய்வார்கள். அந்த வேலைகளை ஒழுங்கு செய்வதும், எஞ்சியதைச் செய்து முடிப்பதும் பல வாரம் தங்கும் தொண்டர்கள் பொறுப்பு.

எனக்கு முதல் இரண்டு வாரம் பாத்திரம் கழுவும் வேலை கொடுத்தார்கள். நம் ஊர்க் கோயில் அசன விருந்தில் சாம்பார் கொதிக்கும் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவு. அடியில் பருப்பு பிடித்திருக்கும். ரப்பர் கையுறை முழங்கை வரை வரும். ஆனாலும் உள்ளே குனியும்போது வெந்நீர் அதற்குள் போய்விடும். என்னோடு ஒரு லிதுவேனியப் பெண், ஒரு போலந்துப் பையன், இரண்டு போர்ச்சுகீசியர்கள். எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். மூன்றாம் நாள் அந்தப் போலந்துப் பையன், காலை ஜெபத்தில் பாடிய பாட்டின் பேஸ் என்ற ஆண் கீழ்க்குரலை அண்டாவுக்குள் குனிந்தபடியே மெதுவாக எடுத்தான். அண்டா அதை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. லிதுவேனியப் பெண் மேல்குரல் எடுத்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் பேச்சு சுலபமாகிவிட்டது. ஆல்டோ பாடத் தெரிந்த உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். தெய்சே பாடல்கள் ஒரு வரி, இரண்டு வரிதான். லத்தீனிலும் பல மொழிகளிலும் இருக்கும். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தொடக்க காலப் பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர் ஜாக் பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர். ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபம்: காலை, நண்பகல், இரவு. மணி அடித்ததும் வேலை, பேச்சு எல்லாம் நிற்கும். உள்ளே நாற்காலி வரிசை கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். நமக்கு அது கஷ்டமே இல்லை. ஐரோப்பியப் பிள்ளைகள்தான் முதல் நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். ஒவ்வொரு ஜெபத்தின் நடுவிலும் எட்டு, பத்து நிமிடம் முழு மௌனம். பிரசங்கம் இல்லை. மூவாயிரம் பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் கிடத்தி வைப்பார்கள். ஒவ்வொருவராகப் போய் அதன் மேல் நெற்றியை வைத்து ஜெபிப்பார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட்டு வளர்ந்த எனக்கு, அதை வாரா வாரம் செய்வது புதிதாக இருந்தது. சனி இரவு எல்லோர் கையிலும் மெழுகுவத்தி. ஒருவர் கையிலிருந்து அடுத்தவருக்கு வெளிச்சம் போகும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். 2005 ஆகஸ்ட் 16 அன்று இதே ஆலயத்தில், மாலை ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது, மனநிலை சரியில்லாத ஒரு பெண் சகோதரர் ரோஜேயைக் கத்தியால் குத்தினார். அவர் சிறிது நேரத்திலேயே இறந்தார். வயது 90. அவருக்குப் பிறகு சகோதரர் அலோய்ஸ், 2023 டிசம்பரிலிருந்து இங்கிலாந்துக்காரரான சகோதரர் மேத்யூ என்று பொறுப்பு கை மாறியிருக்கிறது. ரோஜேயின் கல்லறை கிராமத்தின் பழைய சிறு கோயிலை ஒட்டி இருக்கிறது. மரச் சிலுவையில் பெயர் மட்டும். நான் முதலில் அதைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

சாப்பாடு மிக எளிமை. காலையில் ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், ஒரு சாக்லேட் துண்டு. டீயைக் கிண்ணத்தில் குடிக்க வேண்டும், கோப்பை கிடையாது. மதியமும் இரவும் பருப்போ பாஸ்தாவோ கோதுமைக் குருணையோ. கத்தி, முள்கரண்டி கிடையாது. ஒரே ஒரு கரண்டி. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் பிரச்சினை இல்லை. காரம் மட்டும் இருக்கவே இருக்காது. ஊறுகாய் ஒரு பாட்டில் நன்றாகச் சுற்றி, கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள். மழைக்கோட்டு, டார்ச், தூங்கும் பை, இரண்டு சால்வை கட்டாயம். ஆகஸ்டிலும் மேட்டு மேல் இரவு குளிரும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். பெண் தொண்டர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் புனித அந்திரேயா சபை அருட்சகோதரிகள். பெல்ஜியத்தில் தோன்றிய சபை. 1966 முதல் பக்கத்து ஊரான அமெஞியில் தங்கி, தெய்சே சகோதரர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் தங்குவோம். வாரம் ஒருமுறை ஒரு சிஸ்டரிடம் உட்கார்ந்து மனம் விட்டுப் பேச நேரம் ஒதுக்கித் தந்தார்கள். எனக்கு இரண்டாம் வாரத்தில் வீட்டு ஞாபகம் வந்து அழுகையாக வந்தது. அப்போது அந்த அரைமணி நேரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, விசா. இதில் அவசரப்படவே கூடாது. தெய்சேக்கு நேராக எழுதிக் கேளுங்கள். உங்கள் போதகரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எத்தனை வாரம் ஏற்றுக்கொள்கிறார்கள், எந்தத் தேதி என்று அழைப்புக் கடிதம் வந்த பிறகே டிக்கெட் பற்றி யோசிக்க வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. பயணச் செலவு நம்முடையது. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் இருக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு, ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். கோடையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் இருப்பீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எதற்காகப் போகிறீர்கள் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். "சுற்றுலா என்று போட்டால் சுலபம்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். எல்லையில் அதிகாரி கேட்கும்போது உங்கள் பையில் இருக்கும் அழைப்புக் கடிதம் ஒன்று சொல்லும், விசா வேறு சொல்லும். அந்த நிலைமைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ளாதீர்கள்.

மற்ற நாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கிறிஸ்தவக் கோடை முகாம்கள் ஏராளம். சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் முகாம் வேலைக்கு ஜே-1 விசாவில் தனிப்பிரிவே இருக்கிறது, அதிகபட்சம் நான்கு மாதம். ஆனால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று உங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தொண்டுக்கென்று தனி விசா உண்டு, அதற்கு அங்கிருக்கும் அமைப்பு ஸ்பான்சர் செய்ய வேண்டும். ஸ்காட்லாந்தில் அயோனா தீவில் இருக்கும் சமூகமும் நல்ல இடம்தான். சிறு பிள்ளைகளோடு வேலை என்றால் எந்த நாடாக இருந்தாலும் போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக அதை முன்கூட்டியே வாங்கலாம்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் தெய்சேக்கு எழுதுவதற்கு முன் வேறொரு நாட்டு முகாமுக்கு விண்ணப்பித்தேன். உடனே இடம் உண்டு என்று பதில் வந்தது, கூடவே முன்பணம் அனுப்பச் சொன்னார்கள். அப்பா அனுப்பினார். அதன் பிறகு பதிலே இல்லை. அந்த முகாமில் ஏற்கெனவே இருந்துவிட்டு வந்த ஒருவரிடமாவது பேசாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஊர் பார்ப்பது. தொண்டு செய்யும் வாரங்களின் நடுவே நீண்ட பயணம் வைக்காதீர்கள். ஒரு ஓய்வு நாளில் நான் அதிகாலையில் கிளம்பிப் பாரிசுக்குப் போய் ராத்திரி திரும்பினேன். ரயிலில் தூங்கினேன், ஐஃபல் கோபுரத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தேன், மறுநாள் காலை பாத்திரம் கழுவ எழுந்திருக்க முடியவில்லை. என் வேலையை லிதுவேனியப் பெண் சேர்த்துச் செய்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சைக்கிளில் போகிற தூரம் மட்டும்தான் போனேன்.

அந்தத் தூரத்துக்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது தெரியுமா! தெய்சே மேட்டின் அடிவாரத்தில் முன்பு ரயில் ஓடிய பாதை இருக்கிறது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். 1997இல் திறந்தார்கள், இந்த வகைப் பாதைகளில் பிரான்சில் முதலாவது. வடக்கே மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கோர்மத்தான் அரண்மனை. தெற்கே போனால் க்ளூனி. வழியெல்லாம் வெள்ளை மாடுகள், திராட்சைத் தோட்டம், பழைய ஸ்டேஷன் கட்டடங்கள்.

க்ளூனியில் 910இல் ஒரு துறவு மடம் தொடங்கியது. அங்கே 1088இல் கட்ட ஆரம்பித்த மூன்றாவது கோயில் 187 மீட்டர் நீளம். ரோமில் இன்றுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்பும் வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, கல் எடுக்கும் குவாரியாக்கி, இருபது வருடத்துக்கு மேல் உடைத்தார்கள். இன்று பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. குறுக்குக் கூடத்தின் ஒரு கையும் அதன் மேல் ஒரு எண்கோணக் கோபுரமும் நிற்கின்றன. முதல் முறை போனபோது "இவ்வளவுதானா" என்று திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை, நடுக்கூடம் இருந்த இடத்தில் இப்போது தெருவும் வீடும் இருப்பதைக் கவனித்து, வாசல் இருந்த இடத்திலிருந்து மிச்சமிருக்கும் சுவர் வரை நடந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த நீளம் காலுக்குப் புரிந்தது. ஐந்து முறை போனேன் என்று சொன்னேனே, அதற்கு இதுதான் காரணம்.

தொண்டு முடிந்த பின் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே பாரே-லெ-மோனியால். பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் முன்கூடத்துச் சுவரில், சின்னச் சிவப்பு விளக்குக்கு மேலே மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மார்கரீத் மரி அலக்கோக் என்ற கன்னியாஸ்திரி 1673 முதல் 1675 வரை கண்ட காட்சிகளிலிருந்துதான் அந்தப் பக்தி உலகம் முழுக்கப் பரவியது. அவர் இருந்த மடம் அங்கேதான். எங்கள் ஆச்சி தினமும் கும்பிட்ட படம் எங்கிருந்து கிளம்பியதோ அங்கே போய் நின்றேன், வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.

அங்கிருந்து லியோன். கி.பி. 177இல் கொல்லப்பட்ட லியோன் மறைசாட்சிகளைப் பற்றி உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்பீர்களோ என்னவோ. பிளாந்தினா என்ற அடிமைப் பெண் அவர்களில் ஒருவர். அவர்கள் கொல்லப்பட்ட ரோமானிய அரங்கத்தின் இடிபாடுகள் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. கூட்டம் இருக்காது. ஜெனீவாவுக்கும் ஒரு நாள் போய்வரலாம். சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் சேர்ந்ததுதான் என்பதால் வேறு விசா தேவையில்லை. கால்வின் பிரசங்கம் செய்த கோயிலும் சீர்திருத்தத் தலைவர்களின் கற்சிலைச் சுவரும் உங்களுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

பாரிசைக் கடைசி நாளுக்கு வையுங்கள். தெய்சேக்குப் பக்கத்து நகரமான மாக்கோனுக்கு வெளியே உள்ள அதிவேக ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பாக் தெருவில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் இல்லம் இருக்கிறது. 1776இல் புதுச்சேரி மிஷனை ஏற்று, அதன் பிறகு தமிழ்நாட்டில் எத்தனையோ பங்குகளைக் கட்டிய குருக்கள் கிளம்பி வந்த வீடு அது. அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மெட்ரோ பிடித்து லா ஷாப்பேல் போங்கள். இறங்கியதும் தமிழ்ப் பலகைகள் தெரியும். ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இரண்டு மாதத்துக்குப் பிறகு சோறும் மீன்குழம்பும் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு, நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் வடக்கு ரயில் நிலையத்தில் பி தடம் புறநகர் ரயில் ஏறினால் நேராக விமான நிலையம்.